கடைசி வயலுக்கும் தண்ணீர்: நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் விவசாயிகளின் பிரதிநிதியாக இருப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

விவசாயிகள் ஓட்டுப் போட்டு விவசாயிகளையே தேர்ந்தெடுக்கும், சட்டப்படி அமைந்த குழு ஒன்று நம் ஊர்களில் இருக்கிறது. நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம். தமிழ்நாடு விவசாயிகளின் பாசன அமைப்புகள் மேலாண்மைச் சட்டம், 2000 என்ற சட்டத்தின் கீழ் வருவது. கீழ்பவானி, பரம்பிக்குளம் ஆழியாறு, தாமிரபரணி என்று வாய்க்கால் ஓடும் பகுதிகளில் இதன் தலைவர் பதவிக்குப் போட்டி பலமாகவே இருக்கும். ஆனால் அதில் உறுப்பினராகப் போய் உட்காருகிறவருக்கு என்ன வேலை, அதை எப்படிச் செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. ஜெயித்த அன்று மாலை போடுவார்கள். அப்புறம் ஐந்து வருடம் அவரவர் பாடு.

இந்த வழிகாட்டி அந்த உறுப்பினருக்காக எழுதியது. உதாரணங்கள் பெரும்பாலும் கீழ்பவானிப் பாசனத்திலிருந்து வரும். மற்ற ஆயக்கட்டுகளில் (வாய்க்கால் நீர் பாயும் நிலப்பரப்புகளில்) மதகின் கணக்கும் மாதமும் மாறும், வேலை மாறாது. ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைமடையில், அதாவது வாய்க்காலின் தொடக்கத்தில், நிலம் இருப்பவருக்குப் பிரதிநிதி தேவையே இல்லை. தண்ணீர் தானாக அவர் வயலுக்கு வந்துவிடும். இந்தப் பதவி வாய்க்காலின் கடைசியில் நிலம் உள்ள கடைமடைக்காரருக்காகத்தான் இருக்கிறது. கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதலில், எந்த நாற்காலி என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு சங்கத்தின் பாசனப் பரப்பு பல தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றையும் அரசு அறிவிப்புகளில் ஆட்சி மண்டலத் தொகுதி என்று எழுதுவார்கள். தொகுதிக்கு ஓர் உறுப்பினர், சங்கம் முழுவதற்கும் ஒரு தலைவர். இரண்டு பதவிக்கும் நில உடைமையாளர்கள் நேரடியாக ஓட்டுப் போடுகிறார்கள். பதவிக்காலம் 5 ஆண்டுகள். சங்கத் தலைவர்கள் சேர்ந்தது பகிர்மானக் குழு. பகிர்மானக் குழுத் தலைவர்கள் சேர்ந்தது அணை அளவிலான திட்டக் குழு. நீர்வளத் துறைப் பொறியாளர் சங்கத்துக்குத் தொழில்நுட்ப ஆலோசனை சொல்வார்.

தலைவர் பதவியைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். என் கருத்தில் தொகுதி உறுப்பினர் பதவிதான் முக்கியம். தலைவருக்குப் பல ஊர், பல மதகு. தொகுதி உறுப்பினருக்குச் சில மதகுகள், முகம் தெரிந்த விவசாயிகள். எந்த மடையில் என்று தண்ணீர் நின்றது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். மேலே இருக்கும் குழுக்கள் பேசுவதெல்லாம் இவர் கொண்டுவரும் செய்தியை வைத்துத்தான்.

வேட்புமனு போடும் முன்னே உங்கள் காகிதங்கள்

வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயர்தான் அங்கே வரும். அப்பா காலமாகி ஆண்டுகள் ஆகியும் பட்டா அவர் பெயரிலேயே கிடப்பது நம் ஊர்களில் சாதாரணம். அண்ணன் தம்பி பாகம் பிரித்துத் தனித்தனியாக உழுதுகொண்டிருப்பார்கள், பட்டா மட்டும் கூட்டாக இருக்கும். தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு இதைச் சரி செய்ய நேரம் போதாது. பட்டா மாறுதலை இப்போதே முடித்து வையுங்கள். சிட்டா, அடங்கல், தீர்வை ரசீது மூன்றையும் ஒரு கோப்பில் வையுங்கள்.

அதோடு, உங்கள் நிலத்தின் புல எண் எந்த மதகின் ஆயக்கட்டில் சேர்ந்திருக்கிறது என்று நீர்வளத் துறைப் பிரிவு அலுவலகத்தில் சரிபாருங்கள். வயலுக்குத் தண்ணீர் ஒரு மதகிலிருந்து பாயும், பதிவேட்டில் வேறு மதகு எழுதியிருக்கும். அப்படியிருந்தால் நீங்கள் எந்தத் தொகுதியில் நிற்கலாம் என்பதிலேயே சிக்கல் வரும்.

தேர்தலை நடத்துவது மாவட்ட ஆட்சியர். மனுத் தாக்கல், பரிசீலனை, திரும்பப் பெறும் நாள் எல்லாம் அறிவிப்பில் இருக்கும். தகுதி, தகுதியின்மை விதிகளும் அதிலேயே வரும். அதை ஒரு வரி விடாமல் படியுங்கள். ஊரில் யாரோ சொன்னதை நம்பி மனு போட வேண்டாம். பல இடங்களில் பதவிக்காலம் முடிந்தும் அடுத்த தேர்தல் தாமதமாவது உண்டு. அப்படி இருந்தால் காத்திருக்க வேண்டியதில்லை. ஆயக்கட்டுக்காரர்கள் கூடி, தேர்தல் நடத்தக் கோரி ஆட்சியரிடம் கையெழுத்திட்ட மனுவே கொடுக்கலாம்.

ஓட்டுக் கேட்கும்போது

'தண்ணி கொண்டு வந்து தர்றேனுங்க' என்று சொல்லாதீர்கள். அணையில் நீர் இல்லாத வருடம் யாராலும் கொண்டுவர முடியாது. உங்களால் காப்பாற்ற முடிந்த வாக்குறுதிகள் வேறு. வந்த தண்ணீரின் கணக்கை எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வைப்பேன், கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று வந்து சொல்வேன், என் வயலுக்கு முறை மாற்றிப் பாய்ச்ச மாட்டேன். இந்த மூன்றும் போதும். மூன்றாவதைச் சொல்லுகிறவருக்குக் கடைமடையில் ஓட்டு விழும்.

ஒருமனதாகத் தேர்ந்தெடுப்பது பற்றியும் யோசியுங்கள். ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒருவரை நிறுத்துவது சண்டையைத் தவிர்க்கும், அது நல்லதுதான். ஆனால் அந்தக் கூட்டத்துக்குக் கடைமடைக்காரர்களையும் சின்ன நிலக்காரர்களையும் கூப்பிட்டார்களா என்று கேளுங்கள். அவர்கள் இல்லாமல் எடுத்த முடிவை ஒருமனது என்று ஏற்றுக்கொள்ளக் கூடாது.

முதல் மாதம்: கடைசியிலிருந்து நடந்து வாருங்கள்

ஜெயித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை வாய்க்காலை நடந்து பார்ப்பது. கடைசி வயலில் தொடங்கி மதகு வரை மேல் நோக்கி நடங்கள். தலைமடையிலிருந்து கீழே வந்தால் வழியில் வெயில் ஏறிவிடும், கடைசி அரை மைலை யாரும் பார்ப்பதில்லை. பிரச்சினை முழுவதும் அங்கேதான் இருக்கும்.

கூட ஒரு நோட்டும், கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்து எழுதிய புல எண் வரிசையும், செல்போனும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே கரை உடைந்திருக்கிறது, எங்கே சீமைக்கருவேலம் அடைத்திருக்கிறது, எங்கே குழாய் பதித்திருக்கிறார்கள், எந்த மடையில் பலகை இல்லை, எங்கே வாய்க்கால் ஓரத்தைச் சேர்த்து உழுதிருக்கிறார்கள் என்று புல எண்ணோடு எழுதுங்கள். ஆள் பெயரை இந்த நோட்டில் எழுத வேண்டாம். அது பகையை மட்டும்தான் வளர்க்கும். தண்ணீர் ஓடும்போது ஒரு முறை, நிறுத்திய பிறகு ஒரு முறை நடங்கள். ஓடும்போது தெரியாத ஓட்டைகள் காய்ந்த வாய்க்காலில் தெரியும். காய்ந்தபோது தெரியாத அடைப்பு நீர் ஓடும்போது தெரியும்.

தொகுதியில் உள்ள ஒவ்வொருவரையும் அவர் தோட்டத்திலேயே போய்ப் பாருங்கள். டீக்கடையில் பேசுகிறவர் எப்போதும் அதே ஐந்து பேர்தான். வாய்க்கால் கரைக்கு அந்தப் பக்கம் ஒரு ஏக்கரோ அரை ஏக்கரோ வைத்துக்கொண்டு, கூட்டம் என்று சொன்னாலே ஒதுங்கிப் போகிறவர்களிடம்தான் தகவல் இருக்கிறது. எத்தனை நாள் தண்ணீர் வந்தது, ராத்திரியில் வந்ததா பகலில் வந்ததா, போன போகத்தில் என்ன பயிர் காய்ந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதில் சொல்ல அவசரப்படாதீர்கள்.

தண்ணீர்க் கணக்கு: இதுதான் உங்கள் பலம்

அதிகாரி முன்னால் 'எங்களுக்குத் தண்ணி பத்தலைங்க' என்று சொன்னால் அவர் தலையாட்டுவார், அவ்வளவுதான். 'இந்த மதகுக்கு வர வேண்டியது இவ்வளவு கன அடி, பத்து நாளாக வருவது இவ்வளவு' என்று சொன்னால் அவர் பதில் சொல்லியாக வேண்டும். அதனால் இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பவானிசாகர் அணையிலிருந்து புறப்படும் கீழ்பவானி பிரதான வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களுக்குப் பாய்கிறது. மொத்த ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர். அதை இரண்டு சரிபாதியாகப் பிரித்திருக்கிறார்கள். பிரதான வாய்க்காலின் ஒற்றைப்படை மதகுகளும் சென்னசமுத்திரம் பகிர்மான வாய்க்காலின் இரட்டைப்படை மதகுகளும் ஒரு பாதி, 1,03,500 ஏக்கர். மீதி மதகுகள் இன்னொரு பாதி, அதுவும் 1,03,500 ஏக்கர். ஒரு வருடம் ஒரு பாதிக்கு ஆகஸ்ட் 15 வாக்கில் நன்செய்க்குத் திறப்பார்கள். இன்னொரு பாதிக்கு ஜனவரியில் கடலை, எள் போன்ற புன்செய்ப் பயிருக்கு. அடுத்த வருடம் மாறும். நன்செய்ப் பருவத்துக்கு 24 டி.எம்.சி., புன்செய்க்கு 12 டி.எம்.சி. என்பது கணக்கு (ஒரு டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கன அடி). புன்செய்க்கு விட்டுவிட்டுத்தான் நனைப்பு வரும்.

வாய்க்காலின் முழு அளவு வினாடிக்கு 2,300 கன அடி. இதை 1,03,500 ஏக்கருக்குப் பகிர்ந்தால், வாய்க்காலின் தலைப்பில் வினாடிக்கு ஒரு கன அடி 45 ஏக்கருக்கு என்று வருகிறது. 2,300 கன அடி வீதம் 120 நாள் ஓடினால் 23,846 மில்லியன் கன அடி, அதாவது கிட்டத்தட்ட அந்த 24 டி.எம்.சி. ஆக, நன்செய்க்கு 120 நாள் என்று அரசாணையில் வருவது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே புரியும். வழியில் கசிவு, ஆவி என்று கொஞ்சம் போய்விடும் என்பதால் உங்கள் மதகுக்கு வருவது இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஒவ்வொரு மதகுக்கும் வடிவமைத்த அளவு எவ்வளவு என்று பிரிவு அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையாக வேண்டாம், எழுதி வாங்குங்கள்.

இனி, வருவதை அளப்பது. பெரிய கருவி எதுவும் வேண்டாம். வாய்க்காலில் வளைவு இல்லாத, ஒரே அகலமான இடத்தில் 30 அடி நீளத்துக்கு இரண்டு குச்சி நடுங்கள். அகலத்தையும், நாலைந்து இடத்தில் ஆழத்தையும் அளந்து சராசரி எடுங்கள். மேல் குச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு எலுமிச்சையைப் போட்டு, இரண்டு குச்சிக்கும் இடையில் எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். மூன்று முறை செய்யுங்கள். அகலம் 3 அடி, ஆழம் 1 அடி, 30 அடியைக் கடக்க 20 வினாடி என்று வைத்துக்கொள்வோம். மேற்பரப்பு வேகம் வினாடிக்கு 1.5 அடி. அடியில் நீர் கொஞ்சம் மெதுவாக ஓடும் என்பதால் 0.85 ஆல் பெருக்க வேண்டும், 1.275 வரும். அதை 3 சதுர அடியால் பெருக்கினால் வினாடிக்குச் சுமார் 3.8 கன அடி. இது துல்லியமான அளவு இல்லை, ஆனாலும் பொறியாளர் வந்து அளந்து பார்க்க வைப்பதற்குப் போதுமானது.

இன்னொரு கணக்கும் மனதில் இருக்கட்டும். வினாடிக்கு ஒரு கன அடி வீதம் நீர் ஒரு நாள் முழுக்க ஓடினால், சுமார் 8 ஏக்கருக்கு 3 அங்குல நீர் கட்டலாம். உங்கள் கிளை வாய்க்காலில் 40 ஏக்கர் இருந்து, ஒரு கன அடிதான் வருகிறது என்றால், ஒரு சுற்று முடிய 5 நாள் ஆகும். வயலுக்கு வயல் வாய்க்காலில் போகும் சேதாரத்தையும் சேர்த்து 6 நாள் என்று வையுங்கள். முறை வைக்கும்போது இந்தக் கணக்கு இல்லாமல் வாக்குவாதம் தீராது.

தண்ணீர் திறந்த நாளிலிருந்து தினமும் ஒரே நேரத்தில் இந்த அளவை எழுதி வையுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் எழுத ஒரு ஆளைப் பழக்குங்கள். கல்லூரி படிக்கும் பிள்ளைகள் இதை ஆர்வமாகச் செய்வார்கள். ஒரு போகம் முழுக்க இருக்கும் அந்த நோட்டு பத்து மனுவுக்குச் சமம்.

முறை வைப்பதும் சண்டை தீர்ப்பதும்

தண்ணீர் குறையும் வருடத்தில் முறைப் பாசனம் தவிர வேறு வழியில்லை. எந்த வயலுக்கு எத்தனை மணி நேரம் என்பதை ஏக்கர் கணக்கில் போடுங்கள். சுற்றை ஒரு முறை தலைமடையிலிருந்தும் அடுத்த முறை கடைமடையிலிருந்தும் தொடங்குங்கள். ராத்திரி முறை எப்போதும் ஒரே ஆளுக்கு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஆண் துணை இல்லாத விவசாயப் பெண்கள் நடுராத்திரியில் மடை திருப்பப் போக வேண்டிய நிலை பல ஊரில் இருக்கிறது. முறை எழுதும்போதே அவர்களைக் கேட்டு நேரம் வையுங்கள். முறைப் பட்டியலை ஊர்ப் பொது இடத்தில் ஒட்டுங்கள், வாட்ஸ்அப் குழுவிலும் போடுங்கள்.

முறை மீறல் நடக்கும். மேல் மடைக்காரர் ராத்திரியில் பலகையைத் தூக்கிவிடுவார். முதலில் நீங்கள் மட்டும் தனியாக அவர் வீட்டுக்குப் போய், 'மாமா, நேத்து ராத்திரி நம்ம கீழ் மடையில ரெண்டு மணி நேரம் தண்ணி நின்னு போச்சுங்க' என்று நோட்டைக் காட்டிப் பேசுங்கள். குற்றம் சாட்டாமல் கணக்கைக் காட்டினால் பெரும்பாலானவர்கள் அடுத்த முறை செய்ய மாட்டார்கள். மறுபடியும் நடந்தால் சங்கக் கூட்டத்தில் வைத்துப் பேசுங்கள். அதற்கும் மசியாவிட்டால் உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் புகார். இந்த வரிசையை மாற்றாதீர்கள். நேராகப் போலீசுக்குப் போனால் ஐந்து வருடத்துக்கும் அந்த மடையில் நீங்கள் வேலை செய்ய முடியாது.

வாய்க்காலில் குழாய் பதித்து மோட்டார் வைத்து எடுப்பது வேறு விஷயம். அது ஆயக்கட்டுக்கு வெளியே போகும் தண்ணீர். அதில் சமாதானப் பேச்சுக்கு இடமில்லை. புகைப்படம், தேதி, இடம் எல்லாம் சேர்த்து நீர்வளத் துறைக்கும் வருவாய்க் கோட்டாட்சியருக்கும் கொடுங்கள். தனியாகக் கொடுக்காமல் சங்கத் தீர்மானமாகக் கொடுத்தால் பகை ஒரு ஆள் மேல் விழாது.

கூட்டத்தில் பேசுவது

கூட்டத்துக்கு முன்னால் உங்கள் தொகுதிக்காரர்களைக் கால் மணி நேரமாவது கூட்டி, மூன்று விஷயத்துக்கு மேல் எடுத்துப் போகாதீர்கள். பத்தையும் சொன்னால் ஒன்றும் நடக்காது. ஒவ்வொன்றுக்கும் இடம், அளவு, என்ன வேண்டும், யார் செய்ய வேண்டும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள்.

பேசியதை விடத் தீர்மானப் புத்தகத்தில் எழுதியதுதான் நிற்கும். கூட்டம் முடிந்து எல்லோரும் காபிக்கு எழுந்திருக்கும்போது நீங்கள் உட்கார்ந்து, உங்கள் கோரிக்கை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். 'ஆவன செய்யப்படும்' என்று மட்டும் இருந்தால், யார், எந்தத் தேதிக்குள் என்று சேர்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கு உடன்பாடு இல்லாத தீர்மானம் வந்தால், மறுப்பையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். அது சண்டை போடுவது ஆகாது, உங்கள் உரிமை அது. வெற்றுப் பக்கத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போடும் பழக்கம் சில சங்கங்களில் இருக்கிறது. யார் கேட்டாலும் போடாதீர்கள்.

அதிகாரிகளிடம் மரியாதையாகப் பேசுங்கள், ஆனால் பயப்பட வேண்டாம். உதவிப் பொறியாளருக்குப் பல கிலோமீட்டர் வாய்க்கால், கைக்குப் போதாத ஆட்கள். கரைக்காவலர் எண்ணிக்கை பல இடங்களில் முன்பு போல இல்லை. அவர் நிலையைப் புரிந்துகொண்டு, நீங்கள் அளந்த கணக்கையும் எடுத்த படங்களையும் கொடுத்தால் அவருக்கே அது உதவி. நல்ல பொறியாளர்கள் இதை வரவேற்பார்கள்.

பணமும் வேலையும்

2017-ல் தமிழக அரசு குடிமராமத்துப் பணிகளை மறுபடி தொடங்கியபோது, ஏரி, வாய்க்கால் சீரமைப்பை ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கங்கள் வழியாகவே செய்ய வைத்தது. விவசாயிகளின் பங்கு 10 சதவீதம், உழைப்பாகவும் தரலாம். முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள். இந்த மாதிரி வேலை சங்கத்தின் கைக்கு வரும்போதுதான் உறுப்பினரின் நேர்மை சோதிக்கப்படும்.

மதிப்பீட்டு நகலை வாங்கி, எத்தனை மீட்டர் தூர் வார வேண்டும், எத்தனை ஆழம், மண்ணை எங்கே கொட்ட வேண்டும் என்று வேலை தொடங்கும் முன் ஊராரிடம் சொல்லுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று படம் எடுங்கள். உங்கள் சொந்தக்காரருடைய பொக்லைனை வாடகைக்கு எடுக்க நேர்ந்தால், அதைக் கூட்டத்தில் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், வாடகை முடிவு செய்யும்போது விலகி இருங்கள். கணக்குப் புத்தகத்தை எந்த விவசாயி கேட்டாலும் காட்டுங்கள். மறைத்தால் சின்ன ரசீதும் பெரிய சந்தேகம் ஆகிவிடும்.

ஊர் இரண்டாகப் பிரியும் போது

இதுதான் மிகவும் கஷ்டமான பகுதி. கீழ்பவானி வாய்க்காலைச் சீரமைத்துக் கான்கிரீட் போட 709.60 கோடி ரூபாயில் திட்டம் வந்தபோது, ஈரோடு மாவட்ட விவசாயிகளே இரண்டாகப் பிரிந்தார்கள். கான்கிரீட் போட்டால் கசிவுநீர் நின்று கிணறுகள் வற்றும், கசிவை நம்பிய பாசனம் போய்விடும் என்று ஒரு பக்கம் போராடியது. கசிவில் போவதால்தான் கடைமடைக்குத் தண்ணீர் வருவதில்லை, வேலையை உடனே தொடங்கு என்று இன்னொரு பக்கம் போராடியது. இரண்டு பக்கமும் விவசாயிகள். இரண்டு பக்கமும் சொல்வதில் உண்மை இருக்கிறது.

இப்படி ஒன்று உங்கள் தொகுதியில் வந்தால் என்ன செய்வது? உங்கள் சொந்தக் கருத்தை முதலில் சொல்லாதீர்கள். ஆயக்கட்டில் பதிவான நிலம் எவ்வளவு, கசிவில் வாழும் கிணறுகள் எத்தனை, கடைமடையில் போன போகத்தில் நடவு ஆகாத ஏக்கர் எவ்வளவு என்று இரண்டு பக்கத்தாரையும் சேர்த்து வைத்துக்கொண்டே கணக்கெடுங்கள். கணக்கை ஒரு பக்கத்தார் மட்டும் எடுத்தால் மறுபக்கம் நம்பாது. பிறகு மேல் குழுவில் பேசும்போது, 'என் தொகுதி இதை விரும்புகிறது' என்று ஒரே வரியில் சொல்லிவிடாதீர்கள். இத்தனை பேர் இப்படி, இத்தனை பேர் அப்படி, காரணம் இது என்று இரண்டையும் சொல்லுங்கள். அதற்கு அப்புறம் உங்கள் கருத்தை உங்களுடையதாகவே சொல்லுங்கள். சிறுபான்மைக் கருத்தையும் சொன்ன உறுப்பினரை, தோற்ற பக்கம்கூட மதிக்கும்.

பட்டியலில் இல்லாதவர்கள்

வாய்மொழிக் குத்தகையில் உழுகிறவருக்குச் சங்கத்தில் ஓட்டு இல்லை. 1969-லேயே குத்தகை உரிமையைப் பதிவு செய்யச் சட்டம் வந்துவிட்டது என்றாலும், பதிவு கேட்டால் நிலத்தைத் திரும்ப வாங்கிவிடுவார்களோ என்ற பயத்தில் பலர் கேட்பதே இல்லை. கணவர் பெயரில் பட்டா இருக்கும் வீட்டில், நாற்று நட்டுக் களை எடுத்து மடை மாற்றும் பெண்ணுக்கும் ஓட்டு இல்லை. ஆனால் தண்ணீர் நின்றால் நஷ்டம் முதலில் இவர்களுக்குத்தான் வருகிறது.

சட்டம் இவர்களைச் சேர்க்காவிட்டாலும் உங்கள் தொகுதிக் கூட்டத்துக்கு இவர்களைக் கூப்பிட எந்தத் தடையும் இல்லை. கூட்டத்தைப் பெண்கள் வரக்கூடிய நேரத்திலும் இடத்திலும் வையுங்கள். ஒரு சாதியார் மட்டும் புழங்கும் கோயில் திண்ணையிலோ ஒருவர் வீட்டு வாசலிலோ வைத்தால் சிலர் வர மாட்டார்கள், வராததற்குக் காரணமும் சொல்ல மாட்டார்கள். பள்ளிக்கூடமோ ஊராட்சிக் கட்டடமோ நல்லது. தாழ்த்தப்பட்ட மக்களின் நிலம் கடைமடையில் இருக்கும் ஊர்களில், அவர்கள் வயலுக்கு முறை வந்ததா என்பதை வாய்க்கால் கரைக்கே நேரில் போய்ப் பாருங்கள்.

இந்தக் குழுவோடு நிற்க வேண்டாம்

தண்ணீர் தவிர்த்த விஷயங்களுக்கு வேறு இடங்கள் உண்டு. மாதம்தோறும் ஆட்சியர் தலைமையில் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டம் நடக்கிறது. மனுவை எழுதி, நகலில் பதிவு எண் வாங்கிக்கொண்டு பேசுங்கள். வட்டார அளவில் அட்மா (வேளாண்மைத் தொழில்நுட்ப மேலாண்மை முகமை) திட்டத்தின் விவசாயிகள் ஆலோசனைக் குழு இருக்கிறது. எந்தப் பயிருக்குச் செயல்விளக்கம், எங்கே பண்ணைப் பள்ளி, யாரைக் கண்டுணர்வுப் பயணம் அழைத்துப் போவது என்பதற்கு யோசனை சொல்லும் இடம் அதுதான். அட்மா நிதியில் குறைந்தது 30 சதவீதம் பெண் விவசாயிகளுக்குப் போக வேண்டும் என்று விதி உண்டு. உங்கள் வட்டாரத்தில் அது எப்படிச் செலவாகிறது என்று வேளாண்மை உதவி இயக்குநரிடம் கேளுங்கள். கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கூட்டம் உங்களுக்கென்றே வைத்தது போன்ற நாள். அன்று உங்கள் வாய்க்கால் தீர்மானத்தைக் கொண்டு போங்கள்.

எங்கேயும் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். 'ஏன் தண்ணீர் விடவில்லை' என்று கேட்டால் பதில் வராது. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இந்த மதகில் திறந்த நீரின் அளவுப் பதிவேட்டு நகல் என்று ஆவணத்தைக் கேளுங்கள். அதை உங்கள் நோட்டோடு சேர்த்துப் பாருங்கள்.

போகம் முடிந்ததும் தொகுதிக்காரர்களைக் கூட்டி, வந்த தண்ணீர், நடந்த வேலை, நடக்காத வேலை, செலவு நான்கையும் வாசியுங்கள். கேள்வி கேட்கட்டும். அந்தக் கூட்டத்திலேயே அடுத்த போகத்துக்கு அளவு எழுதப் போகிற ஆள் யார் என்றும் முடிவு செய்துவிடுங்கள்.